மூணடுக்கு கேக்கும் முரட்டுக் கிளட்சும்

டேய், எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க. கார் ஓட்டத் தெரிஞ்சவன் மட்டும் கையைத் தூக்குங்க பாப்போம். அட, எல்லாருமா? இதுல ரெண்டு பேரு இன்னும் சைக்கிள்ல முக்கு திரும்பும்போது காலைத் தரையில ஊன்றவனுங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு! கையை இறக்குங்கடா. என் அத்தானும் இப்படித்தான் கையைத் தூக்கிட்டே திரிஞ்சாரு. அவருக்கு நடந்ததைக் கேட்டா, அடுத்த தடவை கிளட்ச்ல கால் வெக்கறதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டிக் கும்பிடுவீங்க.

அத்தான்னா என் அக்கா வீட்டுக்காரரு. மெத்தைக் கடையில விற்பனை பாக்கறாரு. பேச்சுல மன்னன். "சார், இந்தப் பக்கம் யானை புரண்டு படுத்தாலும் அந்தப் பக்கம் தண்ணி டம்ளர் அசையாது சார்"னு சொல்லியே, பாயில படுக்கறவனுக்குக் கூட ரெட்டை மெத்தையைத் தலையில கட்டிடுவாரு.

அப்படிப்பட்ட மனுஷன் காரை எடுத்தாருன்னா, பக்கத்துல இருக்கறவன் தலை முன்கண்ணாடியை ஒரு தடவை குசலம் விசாரிச்சுட்டுத்தான் திரும்பி வரும். முதல் கியர்ல அது கார் இல்ல, தவளை. மூணு குதி குதிச்ச பிறகுதான் அதுக்கே தான் ஒரு கார்னு ஞாபகம் வரும்.

இதுல என் அக்காவுக்குத் தொழில் என்ன தெரியுமா? கேக். வீட்டுலயே செஞ்சு கல்யாணம், பிறந்தநாளுக்கெல்லாம் குடுக்கறா. கொண்டு போய்ச் சேர்க்கறது அத்தான். அதாவது அக்கா கட்டுவா, அத்தான் இடிப்பாரு.

அன்னிக்கு மூணடுக்கு கேக். உச்சியில சர்க்கரையில செஞ்ச மாப்பிள்ளையும் பொண்ணும் கை கோத்து நிக்கறாங்க. பின்சீட்டுல ஒரு பக்கம் அக்கா, இன்னொரு பக்கம் நான், நடுவுல கேக். சிக்னல் பச்சையாச்சு. அத்தான் கிளட்சை விட்டாரு. அவ்வளவுதான். மேலடுக்கு என் மடியில. மாப்பிள்ளை அக்கா துப்பட்டாவுல. பொண்ணு மட்டும் பறந்து போய் கியர் பக்கத்துல விழுந்து கிடக்குது. தாலி கட்டறதுக்கு முன்னாடியே ஆளுக்கொரு திசை.

அத்தான் தோளைக் குறுக்கிக்கிட்டு, திட்டு விழும்னு காத்திருந்தாரு. விழல. அக்கா கத்தினா அவரு பயப்படவே மாட்டாரு, பழகிப் போச்சு. அக்கா அமைதியா பேசினாத்தான் அவருக்குப் பயம்.

"ஏங்க."

"சொல்லும்மா."

"இன்னிக்கு எதுல கோளாறு?"

"கிளட்ச்லம்மா. ரொம்ப மோசம்."

"போன தடவை ரோட்டுல கோளாறுன்னீங்க."

"அதுவும் இருந்துச்சும்மா."

"அதுக்கு முந்தி, கேக்கே ரொம்ப சாஃப்ட்டா செஞ்சுட்டேன்னீங்க."

"நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொன்னேன்..."

"பரவால்லங்க. இனிமே நானே ஓட்டிக்கறேன்."

அத்தானுக்கு முகம் வெளுத்துப் போச்சு. கேக் மேல இருந்த கிரீம் தோத்துது போங்க!

ஏன்னு கேளுங்க. வீட்டுல டிவி ரிமோட் அக்கா கையில. ஃபேன் எந்த நம்பர்ல சுத்தணும்னு அக்கா முடிவு. காலையில பீரோவைத் திறந்தப்புறம்தான், இன்னிக்கு என்ன கலர் சட்டைன்னு அவருக்கே தெரியும். அந்த வீட்டுல அவருக்குன்னு இருந்த ஒரே சிம்மாசனம் அந்த டிரைவர் சீட்டு. அங்க உக்காந்தாத்தான் அவரு முன்னாடி, அக்கா பின்னாடி. அதுவும் போச்சுன்னா மனுஷனுக்கு மிச்சம் என்ன? குளியலறைத் தாழ்ப்பாள்தான்.

"அம்மா தாயே, ஒரு சான்ஸ் குடு. வண்டியை வெண்ணெய் மாதிரி ஆக்கிக் காட்டறேன். அடுத்த பெரிய ஆர்டர்ல உன் கேக்கு ஒரு நூல் நகர்ந்தாலும் சீட்டு உனக்கு."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் மெத்தைக்காரன்மா."

"அதான் கேக்கறேன்."

அடுத்த ஞாயித்துக்கிழமையே அத்தான் பானெட்டைத் திறந்துட்டாரு. போன்ல ஒரு வீடியோ ஓடுது. கையில ஸ்பேனர். கூடமாட ஒத்தாசைக்கு நான். காலேஜுக்கு முழுக்குப் போட்டவனுக்கு ஞாயித்துக்கிழமை என்ன, செவ்வாய்க்கிழமை என்ன?

"இங்க பாரு, இந்தக் கேபிள்ல ஒரு நட்டு இருக்கா? இதைத் திருப்பினா, கிளட்ச் எந்த இடத்துல பிடிக்கும்ங்கறது மாறும். இப்ப பாதியிலயே பிடிக்குது. நான் உச்சிக்குக் கொண்டு போறேன். பெடல் முழுசா மேல வந்தாத்தான் வண்டி நகரும்."

"ஆக்சிலேட்டர்?"

அத்தான் பாக்கெட்ல இருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்தாரு. நம்புங்கடா, மெத்தை ஸ்பிரிங்! கடையில கிழிஞ்சு திரும்பி வந்த மெத்தையில இருந்து உருவினது. பானெட்டுக்குள்ள ஆக்சிலேட்டர் கேபிள் முனையில இழுத்து மாட்டிட்டாரு.

"இனிமே லேசா தொட்டா சீறாது. நல்லா மிதிச்சாத்தான் போகும். எப்படி?"

நான் உக்காந்து மிதிச்சுப் பாத்தேன். ஆக்சிலேட்டரா அது? மாவு மில்லுல மூட்டையை எத்தற மாதிரி இருக்கு.

"அத்தான், இதை எவனும் ஓட்ட முடியாது."

அத்தான் ரோட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாத்துட்டு, என் காதுகிட்ட வந்தாரு.

"எவனும் முடியாதுல்ல? எவளும் முடியாதுல்ல? அதுதாண்டா திட்டம். இந்த வண்டிக்கு இனிமே என் கால்தான் சாவி."

எனக்கு ஷாக். இவ்வளவு மூளை இந்த மண்டைக்குள்ள எங்க இருந்துச்சு? இத்தனை நாளா வாடகைக்கு விட்டிருந்தாரா?

அப்புறம் தினமும் காலையில மைதானத்துல பயிற்சி. டேஷ்போர்டு மேல தண்ணி டம்ளர். முதல் நாலு நாள் அத்தான் வீட்டுல குளிக்க வேண்டிய அவசியமே வரல. ஆனா மனுஷன் விடல. கிளட்சைப் பாதி தூரம் சட்டுனு தூக்கணும், உச்சிகிட்ட வந்ததும் பூ மாதிரி விடணும், வலது கால் ஆக்சிலேட்டரை முழு பலத்தோட மிதிக்கணும். கொஞ்ச நாள்லயே டம்ளர் அசையல. கார் நகர்றதே தெரியல. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு, சத்தியமா.

அன்னிக்கு வந்ததும் வராததுமா அக்காவைக் கூப்பிட்டாரு.

"வாம்மா, நீயும் ஒரு தடவை ஓட்டிப் பாரேன். டிரைவர் ஆகப் போறேன்னு சொன்னியே?"

அக்கா ஏப்ரன் கட்டினபடியே வந்து உக்காந்தா. கிளட்சை விட்டா. டப்புனு நின்னுச்சு. மறுபடி ஸ்டார்ட் பண்ணா. டப்பு. இன்னொரு டப்பு. அத்தான் முகத்தைப் பாக்கணுமே, மெத்தைக் கடையில தள்ளுபடி போர்டு மாட்டின மாதிரி பளபளன்னு இருக்கு.

"அய்யோ, எனக்கு வரவே வராதுங்க. நீங்க மட்டும் எப்படிங்க ஓட்டறீங்க?"

"எல்லாம் கால்லதான் இருக்கு."

"எந்த இடத்துலங்க பிடிக்குது?"

இங்கதான் அத்தான் கவுந்தாரு. புருஷனைப் பாத்து, "எப்படிங்க"ன்னு ஒருத்தி கண்ணை விரிச்சுக் கேட்டா, வாயை மூடிட்டு இருக்க அவரு என்ன கல்லா? வாசப்படியில உக்காந்து, கால் ரெண்டையும் காத்துல ஆட்டி ஆட்டி, நட்டுல இருந்து மெத்தை ஸ்பிரிங் வரைக்கும் ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டாரு. "பாதி வரைக்கும் சட்டுனு. அப்புறம் பூ மாதிரி. இந்தக் கால் மூட்டை எத்தற மாதிரி." அக்காவும் "அப்படியா! அப்படியா!"ன்னு கேட்டுக்கிட்டா.

அதுக்கப்புறம் அக்கா சமத்தா ஆயிட்டா. கார் பேச்சே எடுக்கறதில்ல. "புதுசா ஐசிங் கிளாஸ் போறேங்க"ன்னு சொல்லி மத்தியானத்துல கிளம்பிடுவா. அத்தான் கடை வேன்ல வேலைக்குப் போயிடுவாரு. கார் வீட்டுல நிக்கும். நிக்கும்னு அத்தான் நினைச்சாரு.

ரெண்டு மாசம் கழிச்சு பெரிய ஆர்டர் வந்துச்சு. நாலடுக்கு கேக், கல்யாண மண்டபத்துக்கு. அத்தான் கடைக்கு லீவு போட்டுட்டாரு. காலையில எழுந்ததும் சலூனுக்குப் போய் முடி வெட்டி, ஷேவ் பண்ணி, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்னாரு. நானும் அக்காவும் கேக்கைப் பின்சீட்டுல ஏத்தி, ரெண்டு பக்கமும் உக்காந்தாச்சு. வெள்ளை வெளேர்னு நாலடுக்கு, சுத்தி சர்க்கரைப் பூ. அத்தான் கேக்கைச் சுத்தி மெத்தைப் பஞ்சு வெக்கக் கையை நீட்டினாரு.

"தொடாதீங்க. ஐசிங் இன்னும் காயல."

"சரிம்மா, சரிம்மா. நீ கண்ணை மூடிட்டு வா. போய்ச் சேர்ந்ததும் எழுப்பறேன்."

டேஷ்போர்டுல டம்ளரையும் வெச்சுட்டாரு. சும்மா இல்ல, விளிம்பு வரைக்கும் தண்ணி. எதிர்ல கடை வெச்சிருக்கற டெய்லரைக் கூப்பிட்டு, "சார், கொஞ்சம் பாருங்க"ன்னு வேற சொல்லிட்டாரு. பாவம், அந்த மனுஷன் ஊசியில நூல் கோக்கறதை நிறுத்திட்டுப் பாத்துட்டு நின்னாரு.

முதல் கியர். பாதி வரைக்கும் சட்டுனு. இந்தக் கால் மூட்டை எத்தற மாதிரி.

கார் கத்திச்சு பாருங்க ஒரு கத்து! பிரசவ வார்டுல கூட அப்படிக் கேட்டதில்ல. நின்ன இடத்துல இருந்து ஒரே தாவு. டம்ளர் தண்ணி மொத்தமும் புது ஷேவிங் மேல. கேக் அப்படியே முன்னாடி வந்து, அத்தான் சீட்டு முதுகுல மோதி, நாலடுக்கும் நாலு திசைக்குப் போச்சு. இன்ஜின் நின்னுடுச்சு. தெருவே நின்னுடுச்சு. டெய்லர் கையில இருந்த ஊசி எங்க போச்சுன்னு அவரு இன்னும் தேடிட்டு இருக்காரு.

அத்தான் திரும்பவே இல்ல. ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு அப்படியே உறைஞ்சு போயிட்டாரு. வாய் மட்டும் அசையுது.

"நகரல... ஒரு நூல் கூட நகரலைன்னு சொல்லும்மா..."

"திரும்பிப் பாருங்க."

திரும்பினாரு. பாத்தாரு. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "அய்யோ, மண்டபத்துல காத்திருப்பாங்களே, உன் பேரு கெட்டுடுமே, பாவி நான்"னு புலம்பிக்கிட்டே, சீட்டுக்கு நடுவுல சிக்கின மேலடுக்கை ரெண்டு கையாலயும் தூக்கினாரு. தூக்கினவரு முழிச்சாரு. கனமே இல்ல! ஒரு அழுத்து அழுத்தினாரு. கிரீச்சுனு சத்தம். உள்ள இருந்து வெள்ளை வெள்ளையா உருண்டை உருண்டையா கொட்டுது.

"இது... இது..."

"தெர்மாகோல். கடைக் கண்ணாடிக்குள்ள அழகுக்கு வெக்கற டம்மி கேக். மேல பூசின ஐசிங் மட்டும் நிஜம்."

"அப்ப நிஜ கேக்கு?"

"நீங்க சலூன்ல இருந்தப்பவே மண்டபத்துக்குப் போயாச்சு. சோதனை ஓட்டத்துக்கு எவளாச்சும் நிஜ கேக் வெப்பாளா?"

"எதுல போச்சு?"

"இதே கார்ல."

"யாரு ஓட்டினது?"

அக்கா துப்பட்டாவுல ஒட்டின சர்க்கரைப் பூவைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டா.

"ஐசிங் கிளாஸ்னு போனேனே, அது டிரைவிங் கிளாஸ். லைசென்ஸும் வாங்கியாச்சு. போய் வந்து, மீதி நேரமெல்லாம் இந்த வண்டியிலதான் ஓட்டிப் பழகினேன்."

"இந்த முரட்டுக் கிளட்ச்லயா? நானே நாலு நாள் தண்ணியில நனைஞ்சேனே!"

"நீங்க வாசப்படியில உக்காந்து அவ்வளவு தெளிவா சொல்லிக் குடுத்தீங்களே. இதுல பழகினதால மத்த வண்டியெல்லாம் எனக்கு வெண்ணெயா இருக்குங்க."

அத்தான் தலையில கையை வெச்சுக்கிட்டாரு. அப்புறம்தான் அவருக்கு ஒண்ணு உறைச்சுது.

"சரி, நான் பண்ணது எல்லாம் கரெக்டுதானே? பாதி வரைக்கும் சட்டுனு, அப்புறம் பூ மாதிரி. பின்ன ஏன் குதிச்சுது?"

"காலையில நிஜ கேக் போகணும்ல? எதுக்கு வம்புன்னு தம்பிகிட்ட நட்டைப் பழைய இடத்துக்கே திருப்பி, ஸ்பிரிங்கையும் கழட்டச் சொன்னேன். இப்ப கிளட்ச் பாதியிலயே பிடிச்சுடும், ஆக்சிலேட்டரும் தொட்டாலே சீறும். ஏன், தம்பி உங்ககிட்ட சொல்லலையா?"

ரெண்டு பேரும் என்னையப் பாத்தாங்க. தெருவுல இருந்து டெய்லரும் பாத்தாரு.

"மறந்துட்டேன் அத்தான்"னேன்.

அத்தான் கையில இருந்த தெர்மாகோல் அடுக்கைத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு இருந்தாரு. அக்கா இறங்கி வந்து டிரைவர் கதவைத் திறந்தா. குரல்ல அப்படி ஒரு அன்பு.

"கேக்குதான் உங்ககிட்ட தாங்கல. தெர்மாகோலுமாங்க? இறங்குங்க, பின்னாடி உக்காருங்க."

அத்தான் இறங்கிப் பின்சீட்டுல உக்காந்தாரு. மடியில நொறுங்கின டம்மி கேக். நான் முன்சீட்டுக்கு மாறிட்டேன். அக்கா கண்ணாடியைச் சரி பண்ணா, கியரைப் போட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு அத்தான் ஜன்னல் வழியாப் பாத்துட்டு அலறினாரு.

"ஏய், டெய்லர் கடை பின்னாடி போகுது!"

"கடை போகலங்க. நாம போறோம்."

இப்பல்லாம் ஒவ்வொரு ஆர்டருக்கும் பின்சீட்டுல கேக்கைக் கட்டிப் புடிச்சுட்டு வர்ற வேலை அத்தானுக்கு. மெத்தைக் கடையில கூட யானை கதையை விட்டுட்டாராம். யாராச்சும் டம்ளர்னு சொன்னாலே திடுக்கிடறாரு.

நான் மறந்துட்டேன்னு சொன்னேன்ல? மறக்கல. சலூன்ல இருந்து வந்தவரு கையில சாவியைக் குடுத்ததே நான்தான், அப்பவும் நல்லா ஞாபகம் இருந்துச்சு. அவரு ஓட்டின வரைக்கும் ஒவ்வொரு கேக்கும் விழுந்தது என் மடியில. எனக்கு முன்சீட்டு வேணும்னு இருந்துச்சு. வேணும்னேதான் சொல்லல.