ஏழை விட மாட்டேன்

மனிதர்களில் கதவிலக்கப் பிராணி என்று ஓர் இனம் இருக்கிறது. தேடி அலைய வேண்டாம், உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். பெயரைக் கேட்டால் வீட்டு எண்ணைச் சொல்வார். சௌக்கியமா என்று கேட்டாலும் அதையேதான் சொல்வார். நம்முடைய ஆள் ஏழாம் எண் வீட்டுக்காரர். வாசல் தூணில் கருங்கல்லில் ஓர் ஏழு, கதவில் பித்தளையில் ஓர் ஏழு, குப்பைக் கூடையில் சிவப்புப் பெயிண்டில் ஒன்று, செருப்புப் பெட்டியில் ஒன்று, குடைப் பிடியில் ஒன்று, போதாக்குறைக்கு, விமானத்தில் போகிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று மொட்டை மாடிச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒன்று. தபால்காரர் தப்பித் தவறி இந்த வீட்டைத் தாண்டிப் போய்விட முடியுமா? போனால்தான் இவர் விடுவாரா?

இப்பேர்ப்பட்டவர் தலையில் நகராட்சி கல்லைத் தூக்கிப் போட்டது. தெருவின் மறுகோடியில் பெரிய சாலை வந்துவிட்டதாம், இனிமேல் அங்கிருந்துதான் வீடுகளை எண்ண வேண்டுமாம். ஒருநாள் காலையில் நீலத் தகடுகளும் துளைபோடும் எந்திரமுமாக ஓர் ஊழியர் வந்து இறங்கினார். முதல் வீடு கடைசி வீடாயிற்று. கடைசி வீடு முதல் வீடாயிற்று.

"என்னப்பா இது, இருபத்திரண்டுன்னு மாட்டுறே?"

"அதான் சார் உங்க புது நம்பர்."

"என் நம்பர் ஏழு!"

"அது அந்தக் கோடியில இருக்கிற டிரைவிங் மாஸ்டர் வீட்டுக்குப் போயிருச்சு. இத்தனை நாள் இருபத்திரண்டா இருந்தாரே, அவருக்கு."

வயிறு எரிந்தது பாருங்கள், தண்ணீர் ஊற்றினாலும் அணைகிற எரிச்சலா அது? மனு எழுதினார். மேலதிகாரிக்கு எழுதினார். அந்த மேலதிகாரிக்கு மேலே யார் என்று விசாரித்து அவருக்கும் எழுதினார். ஒரு வரி பதில் இல்லை. சோறு இறங்கவில்லை. சாயங்காலமானால் மாஸ்டர் வீட்டு வாசல் வரை போய், அங்கே மாட்டியிருந்த ஏழைக் கண் கலங்கப் பார்த்துவிட்டுத் திரும்புவார். பாவம், நிஜமாகவே பாவமாகத்தான் இருந்தது.

"ஏங்க, நம்பர்தானே போச்சு? வீடு அப்படியே நிக்குதுல்ல?" என்றார் மனைவி.

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அங்கேதான் இவருக்குப் பொறி தட்டியது. எண்ணை நகர்த்த நகராட்சி விடாது, சரி. நாம் நகர்ந்தால் எவன் கேட்பான்?

விடிந்ததும் மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, பழைய நம்பர் போனதுல உங்களுக்கும் மனசு கஷ்டமா இருக்கும்ல?"

"எனக்கா? தகடு மாத்தினதே நீங்க சொல்லித்தான்ணே தெரியுது."

"வெளிய காட்டிக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். பேசாம வீட்டை மாத்திக்குவோம். நீங்க எப்பவும்போல இருபத்திரண்டாவே இருங்க, நான் ஏழாவே இருந்துக்கிறேன்."

மாஸ்டர் வீட்டில் இரண்டே அறை. சமையலறையில் ஒருவர் உள்ளே வரவேண்டுமானால் இன்னொருவர் வெளியே போக வேண்டும். இவர் வீட்டிலோ மாடி, தோட்டம், பயிற்சிக் கார்கள் இரண்டையும் நிறுத்த நிழலான இடம். மாஸ்டர் யோசித்தாரா? பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. பத்திரமே பதிவாகிவிட்டது!

கருங்கல் ஏழு கைவண்டியில் ஊர்வலம் போனது. பின்னாலேயே கட்டில், பீரோ, கடைசியாக மனைவி. பீரோ எந்த அறைக்குள்ளும் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்து வராந்தாவிலேயே நின்றுகொண்டது. யாருக்கு என்ன? ஏழாம் எண்ணுக்குள் இவர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

அந்தத் தூக்கம் கலையுமுன் அதே ஊழியர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"சார், ஜெயிச்சுட்டீங்க! உங்க மனுவெல்லாம் மேல படிச்சுட்டாங்க. தெரு முழுக்கப் பழைய நம்பரையே மாட்டச் சொல்லிட்டாங்க. இந்த வீட்டுக்கு... இருங்க பார்க்கிறேன்... இருபத்திரண்டு!"

இவர் ஓடினார். சட்டை போட மறந்து ஓடினார். மாஸ்டர் மாடியில் சாவகாசமாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, திரும்ப மாத்திக்கலாம்பா!"

"எதுக்குண்ணே? நம்பர்ல என்ன இருக்கு?"

நொந்து வீடு திரும்பினால், வராந்தாவில் பீரோவில் சாய்ந்தபடி மனைவி நின்றிருந்தார். "இன்னொரு தடவை இந்த பீரோவைத் தூக்கச் சொன்னீங்க, முதல்ல உங்களைத் தூக்கிடுவேன்."

பிறகென்ன? பேனாவை எடுத்தார். 'பொதுமக்கள் நலன் கருதி, தெருவைப் பெரிய சாலைப் பக்கத்திலிருந்தே எண்ண வேண்டும்' என்று முதல் வரியை எழுதினார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வாசல் பக்கம் ஒருநடை போய்ப் பாருங்கள். நகராட்சி மாட்டிய புதுத் தகடு கண்ணில் படாதபடி அங்கே ஒரு பூந்தொட்டி தொங்குகிறதே, அதை அவ்வளவு கச்சிதமாக மாட்டியது யார்?