ஆன்னி சொன்ன தொகுதி

முத்திருளனுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரே ஒரு ஆள் வேண்டும். அதுவும் மாலை ஐந்து மணிக்குள்.

மதுரை திருநகரில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பது அவன் வேலை. இந்த முறை, பாதி நகரமும் பாதி வயலுமாகக் கிடக்கும் ஓர் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத் தொகுதியைப் பற்றிய அறிமுகம். பரப்பளவு, வாக்காளர் எண்ணிக்கை, ஆடு மாடு எல்லாம் எழுதியாயிற்று. தொகுதிக்காரர் ஒருவர் தம் வாயால் சொன்னதாக ஒரு பத்தி வேண்டும் என்றார்கள். பதினோரு பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினான். ஒருவரும் பதில் போடவில்லை. ஏற்கெனவே இரண்டு கட்டுரைகள் திரும்பியிருந்தன. மூன்றாவதும் திரும்பினால் வேலை போய்விடும்.

சமயநல்லூரில் இருக்கும் அண்ணன் மனைவி அன்னக்கொடிக்குப் போன் போட்டான்.

"மதினி, உங்க பக்கம் சனத்துக்கு என்ன கொறை?"

"ஒண்ணா ரெண்டா கொழுந்தனாரே? வயக்காட்டப் பூராம் பிளாட்டாக்கிட்டாய்ங்க. பெரிய ரோடு வந்துச்சு, அதுல ஒரு பஸ்ஸும் நிக்க மாட்டேங்குது. ஓட்டுக் கேக்க மட்டும் அம்புட்டுப் பேரும் வாராய்ங்க."

அதை அப்படியே இங்கிலீஷில் மாற்றி, 'ஆன்னி, விவசாயி, வயது ஐம்பத்தெட்டு' என்று போட்டு அனுப்பிவிட்டான்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'பிரமாதம். ஆன்னியின் எண்ணை அனுப்புங்கள். ஆஸ்திரேலிய விவகாரங்களில் தேர்ந்த நம் சரிபார்ப்பாளர் பேசுவார்.'

வேறு வழி தெரியாமல் மதினியின் எண்ணையே அனுப்பினான். இந்திய எண்ணாக இருக்கிறதே என்று கேட்டார்கள். ஆன்னி கோயில் பார்க்க மதுரைக்கு வந்திருக்கிறார் என்றான். நல்லதாயிற்று, நான்கு மணிக்குப் பேசுகிறோம் என்றார்கள்.

மறுபடியும் மதினியைக் கூப்பிட்டான்.

"நாலு மணிக்கு ஒரு போன் வரும் மதினி. எது கேட்டாலும் எஸ்ஸுன்னு மட்டும் சொல்லுங்க."

"ஆத்தாடி! தெரியாத நம்பருக்கு எஸ்ஸு சொல்லவே கூடாதுன்னு டிவியில சொல்றாக. நா மாட்டேன்."

நேரில் போய்ப் போனைக் கையில் வாங்கிக்கொள்வதென்று பைக்கை எடுத்தான். வழியில் பரவை ஊரைத் தாண்டுமுன் பின்சக்கரம் பஞ்சர். வண்டியைக் கடையில் விட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. அன்னக்கொடி வாசலில் வெண்டைக்காயை நிதானமாகத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"போன் வந்துச்சா மதினி?"

"இப்பத்தான் வச்சேன். அரமணி நேரப் பேச்சு."

"அரமணியா! இங்கிலீசுலயா?"

"மொதல்ல அதுலதான் ஆரம்பிச்சுச்சு. 'யாருத்தா நீயி, எந்த ஊரு'ன்னு கேட்டேன்."

முத்திருளன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். வேலை போயிற்று. வீட்டில் என்ன சொல்வது என்று யோசிக்கும்போதே சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பயந்துகொண்டே பார்த்தான்.

'சரிபார்க்கப்பட்டது. தகவல்கள் அனைத்தும் சரி. ஆன்னி மிகவும் நம்பகமானவர்.'

இரண்டு முறை படித்தான்.

"மதினி, அந்தம்மாகிட்ட அப்பிடி என்னதான் சொன்னீங்க?"

"அம்மாவா? சின்னப் புள்ளய்யா அது, பாண்டிமீனான்னு பேரு, திருவாதவூருல வீட்டுல இருந்தே வேலை பாக்குதாம். 'ஆஸ்திரேலியாவ நானும் பாத்ததில்ல அத்தே, ஆனா எங்க ஊரும் நீங்க சொல்றாப்லதான் இருக்கு, அப்பச் சரியாத்தான் இருக்கும்'னு சொல்லிட்டுப் போன வச்சிருச்சு."