முப்பது பாட்டு, முப்பது பழுது

"இந்த வீட்டுக்குள்ள மெஷின் பாட்டு நுழைஞ்சா, நான் வெளிய போயிடுவேன்" என்று லிஃப்ட் மெக்கானிக் சபதம் செய்தார். வெளியே போவதற்கு அவர் அப்போது சட்டை போட்டிருக்கவில்லை. அதனால் மனைவி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சண்டை அறையைப் பற்றியது. வீட்டில் இருந்ததே மூன்று அறைகள். அதில் பெரிய அறையை அவருடைய இரண்டு கிட்டார்களும், மூன்று ஆம்ப்ளிஃபயர்களும், அறுநூறு இசைத்தட்டுகளும் பிடித்துக்கொண்டிருந்தன. மூன்று ஆம்ப்ளிஃபயர்களில் ஒன்றுதான் வேலை செய்யும். மற்ற இரண்டும் அதற்குத் துணை. புருஷனும் பெண்டாட்டியும் மிச்சமிருந்த இரண்டு அறைகளில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு குடித்தனம் செய்தார்கள்.

மனைவி பதினோரு பெண்களுக்குக் காலையில் உடற்பயிற்சி வகுப்பு நடத்திவந்தாள். வகுப்பு நடந்த கூடத்தில் கூரை ஒழுக ஆரம்பித்ததால் அதைப் பூட்டிவிட்டார்கள்.

"ஆறு மாசம் ஆகுமாம். காலைல ஒரு மணி நேரம்தாங்க. நம்ம பெரிய ரூம்ல நடத்திக்கிறேனே."

"அது என் ரூம்."

"தெரியும். அதான் கேக்கறேன்."

"பாட்டு போடுவியா?"

"பாட்டு இல்லாம எப்படிக் குதிக்கிறது? என் தங்கச்சி முப்பது பாட்டு அனுப்பியிருக்கா. எலக்ட்ரானிக் பாப்."

அந்த இடத்தில்தான் சபதம் வந்தது. சபதத்துக்குப் பின்னால் பிரசங்கமும் வந்தது.

"நாள் முழுக்க மோட்டார் சத்தத்துல நின்னுட்டு வர்றேன். வீட்லயும் மோட்டாரா? பாட்டுன்னா விரல் கம்பியில படணும். தோல் உரியணும். நடுவுல ஒரு தப்பு வரணும். இவங்க பட்டனைத் தட்டிட்டு டீ குடிக்கப் போயிடறாங்க."

"நீங்க கேட்டிருக்கீங்களா?"

"கேக்காமலே தெரியும்."

"லிஃப்ட்டைப் பாக்காமலே பழுது சொல்வீங்களா?"

இது சுருக்கென்று தைத்தது. ஊரில் அவருக்கு இருந்த ஒரே மரியாதை, காதை வைத்தே பழுது கண்டுபிடிப்பவர் என்பதுதான். மூக்குக்கு மேல் கோபம் வந்தால் மனிதருக்கு வாய் தன் போக்கில் போய்விடும். போயிற்று.

"கொண்டா உன் தங்கச்சி லிஸ்ட்டை. தினம் ஒண்ணு. முப்பது நாள், முப்பது பழுது. கையெழுத்துப் போட்டு எழுதித் தர்றேன். ஒரே ஒரு பாட்டுக்கு எழுத முடியலைன்னாலும் ரூமை நீயே எடுத்துக்கோ."

"எழுதிட்டீங்கன்னா?"

"ரூம் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சரிங்க" என்றாள் மனைவி.

பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவள் எதிர்த்துப் பேசி அவர் தோற்றது கொஞ்சம்தான். 'சரிங்க' என்று சொல்லி அவர் தோற்றதுதான் அதிகம். மனிதர் அதை அன்றைக்கு மறந்துவிட்டார்.

ஆபீஸிலிருந்து பழுதுப் படிவம் ஒரு கட்டு கொண்டுவந்தார். பழுது, காரணம், செய்ய வேண்டியது என்று அதில் மூன்று கட்டங்கள். முதல் பாட்டுக்கு இப்படி எழுதினார். பழுது: தொடக்கத்திலிருந்து முடிவு வரை. காரணம்: தொடங்கியது. செய்ய வேண்டியது: நிறுத்தவும்.

இரண்டாவது பாட்டு: 'ஒரே அதிர்வு. பேரிங் போயிருக்கலாம்.' ஐந்தாவது: 'பாடுகிற பெண்ணின் குரலை எந்த மெஷினிலோ விட்டு இழுத்திருக்கிறார்கள். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு?' ஒவ்வொன்றையும் எழுதிக் கையெழுத்திட்டதும் பெரிய அறைக்குள் போய், வேலை செய்யும் ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, அரை மணி நேரம் கிட்டாரை அலறவிட்டுக் காதைக் கழுவிக்கொள்வார். மனைவி ராத்திரி சாப்பாடு ஆனதும் படிவத்தைப் படிப்பாள். மடித்து டப்பாவில் வைப்பாள். "சரிங்க."

சங்கடம் பன்னிரண்டாவது நாள் ஆரம்பித்தது. பழுது கண்டுபிடிக்க வேண்டுமானால் உற்றுக் கேட்க வேண்டும். ஏனோதானோவென்று கேட்க அவருக்கு வராது. லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டி, அன்றைய பாட்டைக் கேட்டார். அடியில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். ஆஹா, லூஸ் ஸ்க்ரூ என்று சந்தோஷப்பட்டார். மறுபடி கேட்டார். அந்த 'டிக்' ஒவ்வொரு சுற்றிலும் இம்மி இம்மியாக இடம் மாறிப் போய், கடைசிச் சுற்றில் தாளத்தோடு தாளமாகக் கச்சிதமாக உட்கார்ந்தது. லூஸ் இல்லை. வேலை தெரிந்த எவனோ வேண்டுமென்றே மாட்டியது.

அவருக்கு வயிறு எரிந்தது. ஆறு தடவை கேட்டுவிட்டு, 'அட்டைப்படம் நன்றாக இல்லை' என்று எழுதினார்.

"இது பாட்டோட பழுதாங்க?"

"பாட்டோட சேர்ந்துதானே வருது."

"சரிங்க."

பத்தொன்பதாவது பாட்டுக்கு, 'சீக்கிரம் முடிந்துவிடுகிறது' என்று எழுதினார். மனைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

"முதல் பாட்டுக்கு நிறுத்தவும்னு எழுதினீங்க. இப்ப நின்னா பழுதுங்கறீங்க."

"அது வேற மாடல், இது வேற மாடல்."

இது போதாதென்று கிட்டாரும் அவரைக் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. தனக்குப் பிடித்த பழைய பாட்டை வாசித்தால், ஒவ்வொரு சுற்றிலும் தாளம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது காதில் விழுந்தது. இருபது வருஷமாக அப்படித்தான் இறங்கியிருக்க வேண்டும். இப்போதுதான் கேட்கிறது. யார் மேல் எரிந்துவிழுவது என்று தெரியாமல் கிட்டாரின் மேல் எரிந்துவிழுந்தார்.

இருபத்துநாலாம் நாள் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் ஒரு வக்கீல் மாட்டிக்கொண்டார். கூண்டின் தலைமேல் மெக்கானிக் இருந்தார். கீழேயிருந்து வக்கீல் தட்டோ தட்டென்று தட்டினார்.

"மேல யாருப்பா? என்ன பண்றே?"

"ஒரு நிமிஷம் சார். இந்த இடம் முடியட்டும்."

வக்கீல் ஆபீஸுக்குப் புகார் எழுதினார். அதில் பழுது கட்டத்தில், 'மெக்கானிக்' என்று மட்டும் இருந்ததாம்.

முப்பதாவது பாட்டு வந்தது. மெக்கானிக் அதை நாற்பது தடவை கேட்டார். நடுவில் எல்லாச் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கி, பாட்டு மூச்சை நிறுத்திக்கொள்ளும். பிறகு அடியிலிருந்து பேஸ் என்கிற அந்தக் கனத்த சத்தம் வந்து நிற்கும் பாருங்கள், மயிரிழை மேலே இல்லை, மயிரிழை கீழே இல்லை. நன்றாகப் பராமரித்த லிஃப்ட் தரையோடு தரையாக வந்து நிற்கிற மாதிரி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய் பட்டுவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துடைத்தார். பழுது என்று எழுதப் பேனாவை எடுத்தால் கை வரவில்லை. பொய்யாக ஒரு பழுது எழுத அவருடைய தொழிலில் அவர் பழகியதில்லை.

ஆனால் எழுதாவிட்டால் அறை போய்விடும். அந்த அறை போனால் அவருக்கென்று அந்த வீட்டில் மிஞ்சுவது சட்டை மாட்டும் ஆணி ஒன்றுதான்.

நேரே பல் டாக்டரிடம் ஓடினார். பல் டாக்டர் அவருடைய காலேஜ் காலத்துக் கிட்டார் கூட்டாளி. மெஷின் பாட்டு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது.

"இதுக்கு ஒரு பழுது சொல்லேன்டா."

"நீயே சொல்லலாமே. உனக்கென்ன கேடு?"

"எனக்கு இன்னைக்குக் காது சரியில்லை."

டாக்டர் இருபது விநாடி கேட்டார். மருந்துச் சீட்டில் பத்துப் பழுது எழுதித் தள்ளிவிட்டு அடுத்த பல்லைப் பார்க்கப் போய்விட்டார். மெக்கானிக் அவற்றைப் படிவத்தில் தன் கையெழுத்தில் காப்பி அடித்தார். ஒவ்வொரு வரிக்கும் மனது அடித்துக்கொண்டது. கையெழுத்துப் போட்டார்.

ராத்திரி மனைவி படிவத்தை உரக்கப் படித்தாள். என்றைக்கும் இல்லாத வழக்கம் இது.

"'பாட்டில் உயிர் இல்லை.' வாஸ்தவங்க. இத்தனை நாள் எனக்கு இது தோணவே இல்லை பாருங்க."

மெக்கானிக் தண்ணீர் குடித்தார்.

"'தாளம், குழந்தை தகரத்தைத் தட்டுவது போல.' ரொம்பச் சரி. தகரமேதான்."

"அவ்வளவு மோசம்னு..."

"என்னங்க?"

"ஒண்ணுமில்லை. படி."

"'நடுவில் பாட்டு நின்றுபோகிறது. அடுத்து என்ன செய்வதென்று செய்தவனுக்கே தெரியவில்லை.' பாவம், அரைகுறை ஆசாமி போல. தங்கச்சிகிட்ட சொல்லி லிஸ்ட்ல இருந்தே எடுத்துடறேன். நீங்க ஜெயிச்சிட்டீங்க. தூங்கப் போலாமா?"

மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டார்.

"அரைகுறையா? அவனா? அது நிக்கலைடி, மூச்சு வாங்குது. எட்டு எண்ணு. எட்டாவதுல பேஸ் வந்து எப்படி உக்காருதுன்னு பாரு. இருபத்திரண்டு வருஷமா லிஃப்ட்டை அப்படி ஒரு தடவை நிறுத்த நான் படாத பாடு படறேன். அவன் மூணு நிமிஷத்துல நாலு தடவை நிறுத்தறான்."

"அப்ப நடுவுல நிக்கிறது பழுதில்லையா?"

"இல்லவே இல்லை."

மனைவி பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். "தகரம்?"

"தகரம்னு சொன்னவனுக்குக் காதே கிடையாது."

"சொன்னது நீங்கதாங்க. கீழ கையெழுத்து இருக்கு."

"அவனுக்குப் பல்லைப் பத்தி மட்டும்தான் தெரியும். அவன் பேச்சை நம்பாதே" என்றவர், குட்டு வெளிப்பட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. "உயிர் இல்லையாம். அந்தப் பொண்ணு கடைசி வரில குரலைத் தாழ்த்தறாளே, அதுல இல்லாத உயிரா? இந்தா, இதையும் அடி. இதையும்."

வரி வரியாக அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். பத்தும் முடிந்தது. அவளுடைய பேனா காத்திருந்தது.

"வேற பழுது ஏதாவது இருக்காங்க?"

மெக்கானிக் படிவத்தைப் பார்த்தார். கீழே அவருடைய கையெழுத்து மட்டும் அடிபடாமல் இருந்தது. முகத்தில் அசடு வழிந்தது.

"இல்லை" என்றார்.

"சரிங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு கிட்டார்களையும், மூன்று ஆம்ப்ளிஃபயர்களையும், அறுநூறு தட்டுகளில் முக்கால்வாசியையும் கட்டிலுக்கு அடியிலும் பீரோ மேலும் அவரே தூக்கி அடுக்கினார். மிச்சத் தட்டுகளும் பிளேயரும் ஸ்பீக்கரும் அலமாரியிலேயே இருக்கட்டும் என்று மனைவி பெரிய மனது பண்ணினாள். அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அறை போனது போனதுதான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. இனிமேல் ஒளிந்து கேட்க வேண்டியதில்லை. தினமும் காலையில் முப்பதாவது பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்கலாம்.

திங்கள்கிழமை பதினோரு பெண்களும் வந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். மெக்கானிக் ஆபீஸுக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கண்ணை மூடிக் காத்திருந்தார்.

உள்ளே கிட்டார் ஒலித்தது.

அவருடைய தட்டுதான். சுற்றுக்குச் சுற்று தாளம் இறங்கிக்கொண்டே போகிற, இழுவையான, பழைய கிட்டார் பாட்டு. பொறுத்துப் பார்த்தார். அடுத்ததும் கிட்டார். அதற்கு அடுத்ததும் கிட்டார். எழுந்து கதவைத் தட்டினார். மனைவி தலையை மட்டும் நீட்டினாள்.

"ஏன் முப்பதாவது பாட்டைப் போடலை?"

"அந்த மாதிரிப் பாட்டெல்லாம் எனக்கு எப்பவுமே பிடிக்காதுங்க. தலை வலிக்கும். உங்க கிட்டார்தான் குனிஞ்சு நிமிர வாகா இருக்கு."

"அப்ப முப்பது நாளா என்னை எதுக்கு..."

"எனக்கு ரூம் வேணும்ங்க. ஒழுங்கா ஓடற மெஷினைப் பழுதுன்னு சொல்ல உங்க மனசு கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

மனைவி கதவைப் பாதி சாத்தியவள், மறுபடி திறந்தாள்.

"கொஞ்சம் தள்ளிப் போய் உக்காருங்க. நீங்க அந்தப் பாட்டை முணுமுணுக்கறது உள்ள கேக்குது, எங்களுக்குத் தாளம் தப்புது."