எங்கள் பண்ணையில் இல்லாத சேவல்

கோழிப் பண்ணைக்கு மருமகளாகப் போய் ஒரு வருடம் ஆகியும் நான் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. கண்டவர்கள் உள்ளே போனால் கோழிக்குச் சீக்கு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். (நாற்றம் தாங்காது என்பதுதான் நிஜம்.) இப்பேர்ப்பட்ட நான்தான் அந்தப் பண்ணைக்கு வெப்சைட் செய்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் சேலத்தில் வெப் டிசைனராக இருந்தேன். நாமக்கல் பக்கம் வந்தபிறகு கட்டில்தான் ஆபீஸ். லேப்டாப்போடு உட்கார்ந்தால் சினிமா பார்ப்பதாக நினைத்து உரிக்க வெங்காயம் கொடுப்பார்கள். பஜாரில் மாமாவின் (மாமனாரைச் சொல்கிறேன்) ரூம் ஒன்று சும்மா பூட்டிக் கிடந்தது. அது கிடைத்தால் ஆபீஸ் போட்டுவிடலாம். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மொதல்ல நம்ம பண்ணைக்கு ஒண்ணு செஞ்சு காட்டு அம்மிணி. அதப் பாத்து ஒரு யாவாரம் வரட்டும், சாவியத் தந்தர்றேன்" என்றார்.

விடுவேனா? நிறம் தேர்ந்தெடுக்கும் கருவியைத் திறந்து, சரியான மஞ்சள்கரு நிறத்துக்கே அரை நாள் செலவழித்தேன். என் வீட்டுக்காரர் கொட்டகையில் போட்டோ எடுத்துக் கொடுத்தார். கம்பிக் கூண்டு, வெள்ளைக் கோழி, மறுபடியும் கம்பிக் கூண்டு. என் கலை உள்ளம் அதை ஏற்கவில்லை. இலவசப் படங்கள் கிடைக்கும் தளத்தில் ஒன்றைப் பிடித்தேன். பச்சைப் புல்வெளி, சிவப்புக் கோழிகள், கூடை நிறையப் பழுப்பு முட்டை, நடுவில் கொண்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு சேவல். முகப்பு முழுக்க அதைப் போட்டேன். சீக்கிரம் திறக்கும்படி படத்தின் எடையைக் குறைக்கவும் கருவி உண்டு. கத்துக்குட்டிகூட முதலில் அதைத்தான் செய்யும். சேவலின் இறகு மங்கிவிடுமே என்று நான் செய்யவில்லை.

பண்ணையில் சிக்னல் அரைகுறை. மாமா அங்கே நின்று போனில் பார்த்தார்.

"பேரு சரியா இருக்குது, நெம்பரு சரியா இருக்குது. நடுவுல ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்குதே, அது ரொம்ப நல்லாருக்குது அம்மிணி."

படம் இறங்காததால் சுற்றிய வட்டம் அது. பாராட்டு வருகிறபோது யார் திருத்துவார்கள்? மாமா பெருமையாக முட்டை வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்.

அந்த வாரமே ஏற்காட்டில் விடுதி நடத்துகிற ஒருவர் போன் செய்தார். தினமும் முட்டை வேண்டுமாம், நேரில் வந்து பார்க்கிறாராம். மாமா சலவை வேட்டி கட்டினார். நான் ரூம் சாவியில் மாட்ட ஒரு பொம்மையே வாங்கிவிட்டேன்.

விடுதிக்காரர் காரை விட்டு இறங்கினார். கொட்டகையைப் பார்த்தார், தன் போனைப் பார்த்தார், மறுபடியும் கொட்டகையைப் பார்த்தார்.

"ஏனுங்க, புல்லு எங்கீங்க?"

"புல்லுங்களா? நாங்க மாடு வெச்சிருக்கலீங்களே" என்றார் மாமா.

"இந்தச் சேவலுங்க?"

"முட்டைப் பண்ணையில சேவல் எதுக்குங்க? அதென்ன முட்டையா போடப்போவுது?"

அவர் போனை நீட்டினார். ஊரிலேயே படத்தை இறக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தார் அந்த மனுஷன். மாமா கண்ணாடியை மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு தோட்டம் அம்மிணி?"

"தெரியலீங்க மாமா" என்றேன். எந்த நாடு என்றே தெரியாதே. வெட்கத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விடுதிக்காரர் நாங்கள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, தனக்கு நாட்டுக்கோழி முட்டைதான் வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். என் ஆபீஸும் அதே காரில் ஏறிப் போனது.

வியாபாரிகள் குழுவில் அன்றைக்கெல்லாம் ஒரே கேள்வி. "அண்ணா, சேவலெல்லாம் வெச்சிருக்கீங்களே, உங்க முட்டைய அடுக்கி வெச்சா குஞ்சு பொரிச்சிருமுங்களா?"

மறுநாள் காலை மாமா சாவி தரவில்லை, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு தந்தார். "கொட்டாயிக்கு வா. நம்ம கோழி எப்படி இருக்கும்னு ஒருக்காப் பாத்துக்க" என்றார். மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து உள்ளே போனேன். தலையைச் சாய்த்து என்னை முறைத்த ஒரு வெள்ளைக் கோழியைப் படமெடுத்து, எடையைக் குறைத்துப் போட்டேன். பண்ணையிலும் சட்டென்று திறந்தது. வட்டத்தைக் காணோமே என்று மாமாவுக்குத்தான் வருத்தம். ரூம் சாவி வர இன்னொரு வருடம் ஆனது.

இப்போது கொழுந்தனாருக்குப் பெண் பார்க்கிறோம். தரகர் எந்தப் போட்டோவை நீட்டினாலும் என் அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்து, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்கிறார்:

"இது புள்ளையோட படந்தானுங்களா, இல்ல எங்க மருமவ எறக்குன சேவலுங்களா?"