கீழ்ப்பாதம் அழுத்திய முள்ளம்பன்றி

ஒரு காட்டில், இனி ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் எல்லாரும் தங்கள் குகைக்கு அனுமதிச் சீட்டு வாங்கியாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஐப்பசி பிறந்தால், சீட்டு இல்லாத குகைக்குச் சீல். விண்ணப்பமோ நாலு பக்கம். நிரப்ப உதவியாக ஆற்றங்கரையில் ஒரு பேசும் பெட்டியை வைத்தார்கள்.

பெட்டிக்குக் கற்றுக்கொள்ளும் ஆசை அதிகம். பதில் பிடித்திருந்தால் அதன்மேல் வரைந்திருந்த மேல்நோக்கிய பாதத்தை அழுத்தவேண்டும், பிடிக்காவிட்டால் கீழ்நோக்கிய பாதத்தை. யாருக்கு எப்படிச் சொன்னால் பிடிக்கிறது என்று தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

முதல் நாள் சடையப்பன் என்கிற கரடி விண்ணப்பத்தைக் காட்டினார்.

"ஐயா, மூன்றாம் பக்கம் காலியாக இருக்கிறது" என்றது பெட்டி.

சடையப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கீழ்ப்பாதத்தை அழுத்தினார். மறுநாளும் அதே விண்ணப்பத்தோடு வந்தார்.

"அருமையான கையெழுத்துங்க ஐயா."

மேல்பாதம்.

முயல், கீரி எல்லாரும் இப்படித்தான். ஒரே வாரத்தில் பெட்டி நன்றாகத் தேறிவிட்டது.

முள்ளம்பன்றி கோமளத்துக்கு மூன்று குட்டிகள். போன மழையில் கடைக்குட்டி சளி பிடித்துப் பிழைத்ததே பெரிய காரியம். அவளிடமும் பெட்டி, "எழுத்து முத்து முத்தாக இருக்கிறது" என்றது. கீழ்ப்பாதத்தை அழுத்தினாள்.

"எங்கே தவறினேன் அக்கா?"

"எழுத்தை யாரு கேட்டா? தப்பு எங்கே இருக்குன்னு சொல்லு."

சொன்னது. ஆனால் சொன்னது பக்கத்துக் காட்டு விதி. மறுபடி கீழ்ப்பாதம், மறுபடி கோமளத்தின் விளக்கம். பன்னிரண்டு நாள் இதே கதை. பதின்மூன்றாம் நாள், "குட்டிகளோட வயசை நாலாம் பக்கத்திலயும் எழுதணும் அக்கா" என்றது பெட்டி. கோமளம் முதல்முறையாக மேல்பாதத்தை அழுத்தினாள். அந்த வாரமே சீட்டு வந்தது.

காட்டிலேயே அவளுக்கு மட்டும்தான் வந்தது. மற்ற குகைகளுக்கெல்லாம் சீல் விழுந்தது.

அடைமழையின் முதல் நாள் கோமளத்தின் வாசலில் சடையப்பன் சொட்டச் சொட்ட நின்றார். பின்னால் கீரி, அதற்குப் பின்னால் முயலும் அதன் ஏழு குட்டிகளும்.

"பெட்டி உனக்கு மட்டும் ஒழுங்கா சொல்லியிருக்கே, கோமளம்."

"திட்டித் திட்டித் திருத்தினேன் அண்ணே."

"நாங்க அதுகிட்ட மரியாதையா நடந்துகிட்டோம்" என்றார் சடையப்பன், கொஞ்சம் வருத்தமாக.

கோமளத்துக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் முயல்குட்டிகளுக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. முட்களை மடக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டாள். சடையப்பன் உள்ளே வந்து, நல்ல மூலையாகப் பார்த்துப் படுத்தார். இருபது நாள் மழை விடவில்லை. இருபது நாளும் கோமளம் உட்கார்ந்தே தூங்கினாள்.

மழை விட்டதும் சடையப்பன் எழுந்து சோம்பல் முறித்தார். குகையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் இதைவிடப் பெரிசா கேட்டு எழுது, தாயி. கழுதைப்புலியும் வரேன்னு சொல்லியிருக்கான்."

நீதி: உதவிப் பெட்டியைத் திருத்த நினைப்பவர், முதலில் கூடுதல் பாய் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.