கைராசியாரின் கறுப்புத் துணி

பேய்களுக்கு இப்போதெல்லாம் மனிதர்கள்மேல் ஆசை விட்டுப்போய்விட்டது. பழைய வண்டிகளைத்தான் பிடிக்கின்றனவாம். இந்த உண்மையைக் கண்டுபிடித்த மகான் கைராசியார். டாக்ஸி நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் அவர் வந்து உட்கார்ந்ததுதான் தாமதம், தெருமுனை வரை வண்டிகள் வரிசைகட்டி நின்றன. புது வண்டி ஒன்றுகூட வரிசையில் இல்லை. புது வண்டியில் இன்ஜினை ஓட்டுவது கம்ப்யூட்டராம்; பேய்க்கும் கம்ப்யூட்டர் என்றால் பயம் போலிருக்கிறது!

வைத்தியம் எளிது. ஓடுகிற இன்ஜினுக்கு மேல் சீடர்கள் இருவர் கறுப்புத் துணியைக் கூடாரம்போல் பிடிப்பார்கள். வெளிச்சம் பட்டால் பேய்க்குக் கூசுமாம். கைராசியார் தலையையும் கைகளையும் உள்ளே நுழைத்து, "போ! போ!" என்று உறுமுவார். உதறிக்கொண்டிருந்த இன்ஜின் சீராக ஓடத் தொடங்கும். கூட்டத்துக்குப் புல்லரிக்கும். காணிக்கைப் பெட்டி நிறையும்.

கொஞ்ச நாளில் பேய் திரும்பிவிடும். வண்டிக்காரரும் திரும்பி வருவார். "விரட்டின பேய் ஏன்யா வருது?" என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! "ஐயா இருக்கறதால சமாளிக்கிறோம்" என்று உருகினார்கள்.

அடங்காத பேய் என்றால் வண்டியையே ஐயாவிடம் விட்டுவிட வேண்டும். அப்படி விடப்பட்ட வண்டிகளெல்லாம் ஐயாவின் மச்சான் கையில் வாடகைக்குச் சுகமாக ஓடின. பேய்க்கு மச்சான் என்ன உறவோ, தெரியவில்லை.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன்காரருக்கும் அந்தத் தீர்ப்பு வந்தது. மேட்டில் வேன் இழுக்காமல் திணறியது, சைலன்சர் படார் படார் என்று வெடித்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"நாளைக்குச் சாவியைக் குடுத்துடப் போறேன்."

"அதுதானேங்க நமக்குச் சோறு போடுது?"

"பிள்ளைங்களுக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?"

மனைவி தையல்காரி. "என் மெஷின் தையல் விட்டப்போ, ஊசியும் கொக்கியும் நேரத்துக்குச் சேரலைன்னு ஒரு ஸ்குரூவைத் திருப்பிச் சரிபண்ணினாங்க. பேய்னா சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு, நேரே உதிரிபாகக் கடைக்காரரிடம் போனாள்.

அவர் விளக்கினார். பிளக்குகளுக்கு நெருப்புப் பொறியை முறைவைத்து அனுப்புகிற டப்பாவுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் என்று பெயர். பொறி நேரத்துக்கு வர வேண்டும். பிந்தினால் வண்டி இழுக்காது, சைலன்சர் வெடிக்கும். டப்பாவைச் சற்றுத் திருப்பினால் நேரம் மாறும். அது நகராமல் பிடிக்கக் கீழே ஒரு நட்டு உண்டு.

வீடு திரும்பி அவள் வேனின் டப்பாவைத் தொட்டாள். ஆடுகிற பல்மாதிரி அசைந்தது. நட்டைத் தொடவில்லை. டப்பாவின் கழுத்திலிருந்து இன்ஜின் உடம்புக்கு, நேராக ஒரு கோடு நகப்பூச்சு மட்டும் இழுத்துவிட்டாள்.

காலையில் கொட்டகையில் கூட்டம் நெரிந்தது. ஐயாவின் முதல் பக்தரான மீசைக்கார டாக்ஸி டிரைவரை அவள் அழைத்தாள்.

"அண்ணே, இந்தக் கோட்டைப் பாத்துக்கோங்க."

"நேரா இருக்கு தங்கச்சி. வண்டிக்கு எதுக்கு நகப்பூச்சு?"

"அழகுக்குத்தான்."

பிறகு கைராசியாரிடம் பணிவாகக் கேட்டாள்: "கடைசியா ஒருதடவை விரட்டிப் பாருங்க ஐயா. உள்ளே எதையாவது தொடுவீங்களா?"

"தொடறதா? நான் என்ன மெக்கானிக்கா? உள்ளங்கையைக் காட்டினாலே ஓடும்!"

துணி விரிந்தது. உறுமல் கேட்டது. இன்ஜின் சீரானது. துணியை விலக்கியதும் மீசைக்காரர் குனிந்தார்.

"அடடே, கோடு ரெண்டா விலகி நிக்குதே!"

கைராசியார் சளைக்கவில்லை. "பேய் போறப்போ திருகிட்டுப் போயிருக்கு!"

"அப்படியா? திரும்பக் கூப்பிடறேன்" என்று அவள் டப்பாவை லேசாகத் திருப்பினாள். வேன் உதறியது, சைலன்சர் படாரென்று வெடித்தது. "போ" என்று மறுபக்கம் திருப்பினாள். அமைதி. "வா." உதறல். "போ." அமைதி. இவ்வளவு சொன்னபடி கேட்கிற பேயை யாரும் பார்த்ததில்லை. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அவள் ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்கினாள். "இதை வேணும்னே இறுக்காம விட்டா, வண்டி ஓட ஓட டப்பா நகராம என்ன செய்யும்? பேய் திரும்ப வராம என்ன செய்யும்?"

வேன்காரர் இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையை இறுகப் பிடித்துக்கொண்டார். கைராசியாரைத் தேடினால் அவர் உட்கார்ந்த இடம் காலி. வண்டியைப் பறிகொடுத்தவர்கள் மச்சான் வீட்டுப் பக்கம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் மகிழ்ந்திருப்பேன். மீசைக்காரர் தையல்காரியின் முன் வந்து பயபக்தியோடு இரண்டு கையையும் கூப்பினார்.

"அம்மா, கைராசின்னா உங்களுதுதான்! என் வண்டியையும் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க."

பின்னாலேயே வரிசையும் சேர்ந்துவிட்டது.

அவள் தலையிலடித்துக்கொண்டு, அவர் கூப்பிய கைகளைப் பிரித்து ஸ்பேனரை வைத்தாள்.

"கும்பிட வளையிற முதுகுதானே அண்ணே, கொஞ்சம் குனிஞ்சு உள்ளே பார்க்கவும் வளையாதா?"