சொத்தையெல்லாம் பொதுக் களஞ்சியத்துக்கு

மதிப்புக்குரிய கணேசமூர்த்தி மாமாவுக்கு,

ஜானு வணக்கத்துடன் எழுதுவது. மேற்கு மாம்பலத்தில் நானும் அம்மாவும் கொசுக்களும் சௌக்கியம். மாமிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். அதனால்தான் தபால்.

நீங்கள் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்த அடையாறு வேலையை விடப் போகிறேன். "தேசத்துக்கே வெளிச்சம் தர்ற வேலைடி" என்றீர்களே, அந்த வெளிச்சத்தின் லட்சணத்தைக் கேளுங்கள். சூரியனுக்குள் நடக்கிற அணுச்சேர்க்கையை இவர்கள் ஓர் இரும்புக் கூண்டுக்குள் நடத்திப் பார்க்கிறார்கள். கொதிக்கிற வாயுவைக் காந்தத்தால் பிடித்து நிறுத்த வேண்டும். பிடி நழுவினால் சுவர் பொசுங்கிவிடும். நழுவப் போவதைக் கணினி முன்கூட்டியே சொல்ல வேண்டுமானால், ஏராளமான பழைய சோதனைகளின் பதிவுகளைக் காட்டி அதைப் பழக்க வேண்டும். ஓர் ஆய்வகத்திடம் அவ்வளவு கிடையாது. ஆகவே எல்லா ஆய்வகங்களும் கொண்டுவந்து போட ஒரு பொதுக் களஞ்சியம், அதற்குத் தலைவராக ஷோயப் சார், வாங்கிச் சுத்தம் செய்து அடுக்க நான்.

தொடக்க விழாவில் "அறிவு எல்லாருக்கும் பொது" என்று ஆய்வகத் தலைவர்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு உருகினார்கள். மறுநாள் நான் ஃபோன் செய்தால் ஒருவரும் எடுக்கவில்லை. அவர்களில் கோபால் சார் ஒருவழியாகக் கொஞ்சம் அனுப்பினார். வெப்பத்தை எந்த அலகில் குறித்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அது எங்க பசங்களுக்குத் தெரியும்மா."

"பசங்க எங்க சார்?"

"எல்லாரும் ஜெர்மனி போயிட்டாங்க."

இன்னோர் ஆய்வகத் தலைவரான அன்வரி மேடம் மட்டும் கேட்டவுடன் வாரி வழங்கினார். என்ன தாராளம் என்று நான் மயிலாப்பூரிலிருந்து மைசூர்பாகு வாங்கிப்போய்க் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஷோயப் சாரோ, "எண்ணிக்கை ஏறுதான்னு பாரும்மா, உள்ள என்ன இருக்குன்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்தார்.

டில்லி அதிகாரிகள் வந்த அன்று, அன்வரி மேடம் ஆய்வகத்தில் அமைதியாக முடிந்த ஒரு புதுச் சோதனையைக் கணினிக்குக் காட்டினோம். "பிடி நழுவும்" என்று சிவப்பாகக் கத்தியது. இன்னொன்றைக் காட்டினோம், அதற்கும் கத்தல். எனக்குச் சந்தேகம் வந்து, அதே ஆய்வகத்தில் இயந்திரமே ஓடாத ஒரு நாளின் வெற்றுப் பதிவைப் போட்டேன். அதுவும் நழுவுமாம்! ஷோயப் சார் கொஞ்சமும் அசராமல், "ரொம்ப ஜாக்கிரதையான கணினி சார்" என்றார். அதிகாரிகள் தலையாட்டிக்கொண்டே முந்திரியை முடித்தார்கள்.

விஷயம் இதுதான். மேடம் அனுப்பியது அத்தனையும் பிடி நழுவித் தோற்றுப்போன சோதனைகள். கணினி அந்த ஆய்வகத்தின் பெயரைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லப் பழகிவிட்டது. நேரே போய்க் கேட்டேன்.

"நல்லா முடிஞ்சதையெல்லாம் வெச்சு என் ஸ்டூடண்ட்ஸ் பேப்பர் எழுத வேணாமா? வீணாப்போனது எங்களுக்கு எதுக்கு? அதான் உனக்குக் குடுத்தேன்" என்றார், பழைய புடவையைத் தானம் செய்தவர் மாதிரி.

கேன்டீன் கெங்கம்மா வேறு, "இன்னாம்மா, சூரியன் பத்திக்கிச்சா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப டீ போடவா?" என்றாள். அந்தக் கட்டிடத்தில் சொன்ன நேரத்துக்குச் சூடாவது அது ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஷோயப் சார் டில்லிக்கு அனுப்பிய அறிக்கையில் கணினி தப்பாகக் கத்தியதற்குக் காரணம் என்ன தெரியுமா? "தரவுகளை அடுக்கிய ஊழியரின் கவனக்குறைவு." நான்தான் மாமா அந்த ஊழியர்! படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். இப்படிப் பதுக்கி வைக்கிற கூட்டத்தோடு இனி ஒரு நாளும் முடியாது.

மாமிக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசீர்வாதம் எப்போதும் வேண்டும். சிபாரிசு மட்டும் இனி வேண்டாம்.

அன்புள்ள,
ஜானு

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கோபால் சார் கூப்பிட்டார். நான் சுத்தம் செய்து அடுக்கிய பதிவுகள் அவர் ஆய்வகத்துக்கு வேண்டுமாம். துணிச்சலைப் பாருங்கள்! கண் வீங்க நான் சரிசெய்ததை அப்படியே தூக்கிக் கொடுக்க நான் என்ன ஏமாளியா? முதலில் என் பெயரில் ஒரு கட்டுரை வரட்டும் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அதை எழுத ஒரு வருஷமாவது ஆகும் என்பதால் வேலையை விடவில்லை. விடப் போவதாக எழுதியதை அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள்.